பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு லினக்ஸ்: படிப்படியான செய்முறை

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள், இன்றும் பல வீடுகளில் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. ஆகவே லினக்ஸ் அந்தக் கணினிகளுக்குப் புதிய விருந்தாளி அன்று. அவற்றில் இருந்த விண்டோஸ் 7க்கான ஆதரவோ 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது; இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. எங்கள் வீட்டில் கிடந்த அப்படிப்பட்ட ஒரு கணினியை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதே காலத்தைச் சேர்ந்த மற்ற மடிக்கணினிகளுக்கும் இந்தச் செய்முறை ஏறத்தாழ அப்படியே பொருந்தும்.

முதல் படி: மின்சாரம் கொடுக்கும் முன்

கணினியைக் கவிழ்த்து பேட்டரியைப் பாருங்கள். அது உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ, சார்ஜரைச் செருகவே கூடாது. கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, சார்ஜரின் மின்சாரத்திலேயே கணினியை இயக்கலாம். காற்று வெளியேறும் துளையில் படிந்த தூசியைச் சிறிய தூரிகையால் தட்டிவிடுங்கள். பழைய கணினி சூடாவதற்குப் பெரும்பாலும் அந்தத் தூசியே காரணம். கணினி இயங்கியதும் பழைய படங்கள், சான்றிதழ்கள் முதலியவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: செலவு எங்கே செய்வது

எந்த லினக்ஸ் சிறந்தது என்று வாரக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கணினியின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வைவிட அதில் இருக்கும் வட்டும் தற்காலிக நினைவகமான ரேமும்தான் என்பது என் துணிபு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டில் 2.5 அங்குல சாட்டா வகை ஒன்றைப் பொருத்தினால், அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் எந்த நுட்பமான சீரமைப்பும் அந்த ஒரு மாற்றத்தின் அருகே வராது. 240 ஜிபி அளவே தாராளம்.

ரேம் 2 ஜிபி மட்டும் இருந்தால் 4 ஜிபி ஆக்குங்கள், முடிந்தால் 8. அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேமை ஏற்பவை. அதில் 1.5 வோல்ட்டில் இயங்குவதும், 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் என்பதும் உண்டு. கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட, பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதே மேல். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

மூன்றாம் படி: பென்டிரைவ் தயாரித்தல்

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின், இலகுவான மேசைத்திரை கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 64 பிட் செயலி மட்டுமே அதற்கு ஏற்றது. பழைய ஆட்டம் செயலி கொண்ட சிறு நெட்புக்குகள் சிலவற்றுக்கு மட்டும் ஆன்டிஎக்ஸ் போன்ற 32 பிட் பதிப்பைத் தேட வேண்டியிருக்கும்.

வேறொரு கணினியில் மின்ட்டின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். அதில் இருப்பவை எல்லாம் அழிந்துபோகும். ரூஃபஸில் பகிர்வு முறை எது என்று கேட்கும்போது எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்; கணினியை விழிக்கச் செய்யும் பழைய பயாஸ் கொண்ட கணினிகள் அதைத்தான் அறியும்.

நான்காம் படி: நிறுவாமலே சோதித்தல்

பென்டிரைவைச் செருகி, கணினி விழிக்கும் நொடியில் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினிகளில் அது எஃப்9 ஆகவோ எஸ்கேப் ஆகவோ இருக்கும். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், லினக்ஸ் அதிலிருந்தே இயங்கும். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், மீண்டும் தொடங்கி, அடுத்து வரும் மின்ட்டின் பட்டியலில் இணக்கமுறை என்ற பொருளில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள்.

மேசைத்திரை வந்ததும் அவசரப்பட்டு நிறுவிவிட வேண்டாம். ஒலி கேட்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, வைஃபை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இங்கே வேலை செய்வது நிறுவிய பிறகும் வேலை செய்யும்.

எங்கள் கணினியில் வைஃபை இணைந்த பிறகும் ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்து, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் வைஃபையைக் குறை சொன்ன பிறகுதான் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்: 2010 ஜனவரி 1! தாய்ப்பலகையில் காசு போல இருக்கும் சிறு பேட்டரி ஆண்டுக்கணக்கில் கிடந்து செத்துவிட்டால், கணினிக்குத் தேதி மறந்துபோகும். தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவையாகத் தோன்றும். தேதியைக் கையால் திருத்தியதும் எல்லாம் திறந்தன. பெரும்பாலான கணினிகளில் அந்தப் பேட்டரி சிஆர்2032 வகையாகவே இருக்கும்; மாற்றிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: நிறுவுதல்

மேசைத்திரையில் உள்ள நிறுவும் சின்னத்தைச் சொடுக்கி, பாட்டையும் காணொளியையும் இயக்க உதவும் மல்டிமீடியா கோடெக்குகளையும் சேர்த்து நிறுவும் கட்டத்தில் குறியிட்டு, வட்டை முழுவதும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை தாமாக நடக்கும்.

ஆறாம் படி: வன்பொருளை வசப்படுத்துதல்

முதலில் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். வைஃபை தெரியவில்லை என்றால், உள்ளே இருப்பது டிரைவர் என்ற தனி இயக்கு மென்பொருளைக் கேட்கும் பிராட்காம் சில்லாக இருக்கக்கூடும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்கு உங்கள் கைபேசியே விடை: அதைக் கேபிளால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கி, பிறகு டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்படும் டிரைவரை நிறுவுங்கள்.

ரேம் குறைவாக இருந்தால், சினாப்டிக் தொகுப்பு மேலாளரில் இசட்ரேம்-கான்ஃபிக் (zram-config) என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். அடிக்கடி தேவைப்படாத தரவை அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால், வட்டை நாட வேண்டிய தேவை குறைகிறது.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. பழைய கணினியில் யூடியூப் காணொளி திக்கித் திணறி, விசிறி அலறுவதற்கு லினக்ஸ் காரணம் அன்று. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. 2011 காலத்து இன்டெல் கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு அந்த வடிவங்களை விரிக்கத் தெரியாததால், முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை (h264ify) என்ற நீட்சியைச் சேர்த்தால், செயலிக்கும் எளிதான பழைய எச்.264 வடிவத்தையே யூடியூப் அனுப்பும். தரத்தை 720பி அளவுக்கு மேல் ஏற்றாமல் இருங்கள். இந்த ஒரு நீட்சிக்குப் பிறகு எங்கள் கணினியின் விசிறி அடங்கிவிட்டது.

ஏழாம் படி: தமிழ்

எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்ப் பக்கங்கள் தாமாகவே ஒழுங்காகத் தெரியும். தட்டச்சுக்கு, கணினியின் விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்99 என்ற விசை அமைப்பு இருந்தாலும், அதில் மெய்யெழுத்தின் புள்ளி தானாக விழாது. அதனால் சினாப்டிக்கில் பல மொழித் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ஐபஸின் விருப்பங்களில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்; திரையில் ‘அம்மா’ என்று விழுந்தால் அமைப்பு சரி.