பேஸ் கிட்டாரில் பிக்கப் எங்கே இருக்க வேண்டும்? காதால் தேர்ந்தெடுக்கும் முறை

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு ஆம்ப் தேவையில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு, தடித்த ஈ தந்தியை, எந்த ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) அழுத்தாமல், நெக் எனப்படும் நீண்ட கழுத்து முடியும் இடத்தருகே ஆள்காட்டி விரலால் மீட்டுங்கள். பிறகு அதே விரலை, அதே விசையுடன், அங்குலம் அங்குலமாக, தந்திகள் உடலின் மேல் ஊன்றியிருக்கும் பிரிட்ஜை நோக்கி நகர்த்தி மீட்டிக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் உருண்டு திரண்டு கேட்ட ஒலி, பிரிட்ஜை நெருங்க நெருங்க இறுகி, மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். சுருதி மாறவில்லை, தந்தி இரண்டு இடத்திலும் நொடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது. அடிப்படைச் சுரத்துக்கும் அதன்மேல் அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களுக்கும் இடையிலான விகிதம்தான் மாறியிருக்கிறது. இந்தப் பாதையில் உங்கள் காதுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பும் ஏறத்தாழ இதே விதிக்குக் கட்டுப்பட்டது. காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த அந்தச் சிறு பெட்டி, தனக்கு நேர்மேலே உள்ள தந்தித் துண்டின் அசைவை மட்டுமே உணர்ந்து மின்குறிப்பாக மாற்றுகிறது. பிரிட்ஜ் அருகே தந்தியின் பெரிய ஊசலாட்டம் சுருங்கிவிடுவதால், அங்கு வைத்த பிக்கப்பில் அடிப்படைச் சுரம் குறைந்து மேற்சுரங்கள் முன்னுக்கு வருகின்றன. மரத்தின் வகையைப் பற்றி வாங்குவோர் நெடுநேரம் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன்; பிக்கப்பின் இடம் அதைவிடப் பலமடங்கு தெளிவாகக் காதில் விழும் என்பது என் உறுதியான கருத்து.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒரே ஒரு பிக்கப்தான் இருந்தது. 1957-இல் அதை இரண்டாகப் பிரித்து, தடித்த இரு தந்திகளுக்கு ஒரு பாதியும் மெல்லிய இரு தந்திகளுக்கு மறுபாதியுமாகச் சற்றே விலக்கி வைத்தார்கள். இரு பாதிகளும் மின்சாரக் கோணத்தில் எதிரெதிராக அமைந்திருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் கொண்டு, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளில் எழுப்பிய ஒலி இந்த அமைப்பிலிருந்து பிறந்ததுதான். ஒரு வால்யூம் நாப், ஒரு டோன் நாப் மட்டும் இருப்பதால், ஒலியின் வேறுபாடு முழுவதும் விரலிலிருந்தே வர வேண்டும். இதைக் குறையாகக் கருதுகிறவர்களும் உண்டு, இதற்காகவே அந்தக் கருவியை விரும்புகிறவர்களும் உண்டு.

1960-இல் வந்த ஜாஸ் பேஸில் சிங்கிள் காயில் எனப்படும், ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட இரண்டு பிக்கப்புகள் உள்ளன. ஒன்று நெக் பக்கம், மற்றது பிரிட்ஜ் பக்கம். கடையில் இதைச் சோதிக்கும்போது மூன்று நிலைகளையும் தனித்தனியே கேளுங்கள். முதலில் நெக் பிக்கப்பை மட்டும் திறந்து வையுங்கள். அடுத்து பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து, விரலையும் பிரிட்ஜ் அருகே கொண்டுபோய் மீட்டுங்கள். ஃப்ரெட்டில்லாத 1962 ஜாஸ் பேஸில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் எழுப்பிய, பேசுவதுபோன்ற அந்தக் குரலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடைசியாக இரண்டையும் முழுமையாகத் திறந்து கேளுங்கள். ஒரே தந்தியை இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் கேட்பதால், சில மேற்சுரங்கள் எதிரெதிராக மோதிக் கழிந்து, நடு அலைவரிசை சற்றுப் பள்ளமாகிவிடும். 1970-களில் பிரிட்ஜ் பிக்கப்பை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தினார்கள். அந்தச் சிறு நகர்வின் ஒலி வேறுபாட்டுக்காகவே பழைய இடைவெளி, புதிய இடைவெளி என்று இன்றுவரை வாசிப்பவர்கள் இரு அணிகளாக இருக்கிறார்கள்.

அந்த நடுப்பள்ளத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நான் முதன்முதலில் இரட்டைப் பிக்கப் கருவி ஒன்றை வாங்கியபோது, தனியறையில் இரண்டு பிக்கப்புகளையும் திறந்து வாசித்த ஒலி அவ்வளவு பளபளப்பாக இருந்தது. அதே அமைப்போடு டிரம்ஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு ஆகியவற்றுக்கு நடுவே வாசித்த அன்று, என் விரல்கள் அசைவதை நான் பார்த்தேனே தவிர வாசித்ததைக் கேட்க முடியவில்லை. பிரிட்ஜ் பிக்கப்பின் வால்யூமைக் கால்வாசி குறைத்ததும் ஒலி திரும்பி வந்தது. தனியே கேட்கும்போது தட்டையாகத் தோன்றும் பிரிசிஷன் பேஸின் ஒலி, குழுவில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் இந்த நடு அலைவரிசைதான் காரணம். ஆகவே நீங்கள் வாசிக்கப் போகும் வகைப் பாடல் ஒன்றைக் கடையிலேயே ஒலிக்கவிட்டு, அதன்மேல் வாசித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இரைச்சலையும் அங்கேயே சோதித்துவிடலாம். ஜாஸ் பேஸில் இரு பிக்கப்புகளும் சம அளவில் திறந்திருக்கும்போது இரைச்சல் அடங்கியிருக்கும். ஒன்றை மட்டும் திறந்தால் மின்சாரத்தின் உறுமல் கேட்கத் தொடங்கும். நம் ஊரில் எர்த் இணைப்பு சரியில்லாத மேடைகளும் விளக்குகளுக்கான டிம்மர்களும் சாதாரணம் என்பதால், ஒற்றைப் பிக்கப் ஒலியையே விரும்புகிறவர் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே வேறொரு விடையைத் தந்தது. இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான பெரிய ஹம்பக்கர் ஒன்றைப் பிரிட்ஜை நோக்கித் தள்ளி வைத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆக்டிவ் மின்சுற்று ஒன்றையும் சேர்த்தார்கள். இத்தகைய சுற்று இல்லாத பேசிவ் கருவியின் டோன் நாப் மேலொலியைக் குறைக்க மட்டுமே செய்யும். ஆக்டிவ் சுற்றால் கீழொலியையும் மேலொலியையும் கூட்டவும் முடியும். தந்தியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறைக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் அதற்குப் பேட்டரி தேவை. பெரும்பாலான ஆக்டிவ் கருவிகளில் கேபிளைச் செருகியவுடனே பேட்டரி செலவாகத் தொடங்கிவிடும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனம் வராதவர்களுக்கு, பிரிசிஷன் பிக்கப்போடு பிரிட்ஜ் அருகே ஜாஸ் பிக்கப்பையும் சேர்த்த பீ-ஜே அமைப்பு உண்டு. அதிலும் ஸ்பிளிட் காயில், அதாவது இரண்டாகப் பிரிந்த பிரிசிஷன் பிக்கப், தனியே எப்படி ஒலிக்கிறது என்பதையே முதலில் கேளுங்கள், ஏனெனில் பெரும்பாலான நேரம் அதைத்தான் பயன்படுத்துவீர்கள்.

உடலமைப்பில் இரண்டை மட்டும் பாருங்கள். ஜாஸ் பேஸின் நெக் தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர் அகலம். பிரிசிஷன் பேஸில் இது வழக்கமாக 41 முதல் 44 வரை இருக்கும். சிறிய கைகளுக்கு இந்த வேறுபாடு பெரிது. அடுத்து, ஸ்டிராப்பை மாட்டி நின்று, இடக்கையை முழுவதுமாக விட்டுவிடுங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்ந்தால், அதைத் தாங்கும் வேலையும் மேடையில் இடக்கைக்கே வந்து சேரும். 1963-இல் வந்த கிப்சன் தண்டர்பேர்டின் உருவத்தை நேசிப்பவர்கள்கூட அதன் சாய்வைப் பற்றிக் குறைப்படுவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்குமாறு தொடங்கலாம்; தடித்த தந்திகளின் பக்கம் சற்றுக் கூடுதல் இடைவெளி வேண்டும். மிக நெருக்கமாக வைத்தால் காந்தம் தந்தியை இழுத்து ஒலியின் நீட்சியைக் குறைத்துவிடும். திருகாணியை ஒரு நேரத்தில் அரைச்சுற்று மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் நான்கு தந்திகளையும் ஒரே விசையில் மீட்டிக் கேளுங்கள்.