முதல் மீன் தொட்டிக்கு ஃபில்டர்: வாங்குவதும் மாட்டுவதும்

புதிதாக மீன் வளர்க்க வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே, அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஃபில்டர் தேவையில்லைதானே?"

தேவை. ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை உள்ளே வருவதற்கு முன்னால் சுத்தம் செய்கிறது. தொட்டிக்குள் மீன் சாப்பிட்டுக் கழிவு போட்ட பிறகு வருகிற அழுக்கை அது எப்படி எடுக்கும்? அதோடு, ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் மிகவும் குறைவு. கப்பி, மோலி போன்ற மீன்களுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் அவை வாடிப்போகும்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும்போதே மீன் செத்துப்போவது இதனால்தான். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். ஃபில்டர் என்பது இந்த பாக்டீரியாக்களுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் வீடு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

1. தொட்டியை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். பலரும் வாங்கும் இரண்டடித் தொட்டி 60 x 30 x 30 என்றால் 54 லிட்டர். கல், மண், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

மோட்டார் உள்ள ஃபில்டர் வாங்கினால், மணிக்கு இந்தத் தண்ணீரை நான்கைந்து முறையாவது சுற்றவேண்டும். அதாவது சுமார் 200 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண், உள்ளே பஞ்சு எதுவும் இல்லாமல் அளந்தது. அதனால் 250 முதல் 300 வரை போட்டிருப்பதை எடுங்கள்.

2. எந்த ஃபில்டர்?

முதல் தொட்டிக்கு நான் சொல்வது ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். ஏர் பம்ப்பிலிருந்து வரும் காற்றுக் குமிழிகள் குழாய் வழியே மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக உள்ளே வரும். விலையும் குறைவு, குட்டி மீனும் உள்ளே மாட்டாது. ஃபைட்டர் மீன் போல வேகமான நீரோட்டம் பிடிக்காதவற்றுக்கும் பொருந்தும். சென்னைக்காரர்கள் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால் வரிசையாகக் குட்டித் தொட்டிகளில் இது குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பின்கண்ணாடியில் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டர், தண்ணீருக்குள் மூழ்கும் பவர் ஃபில்டர் இரண்டும் மிதக்கும் தூசியை நன்றாகப் பிடிக்கும். கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா மாதிரி ஃபில்டர், பெரிய தொட்டிக்கு. இப்போதைக்கு வேண்டாம். கோல்டு ஃபிஷ் வளர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும், கழிவு அதிகம் என்பதால், தொட்டி, ஃபில்டர் இரண்டையும் பெரிதாகப் பாருங்கள்.

ஏர் பம்ப், டியூப் வாங்கும்போது செக் வால்வ் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். கட்டைவிரல் நுனி அளவு பொருள். கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக இறங்கி பம்ப்புக்குள் போய்விடும். அதைத் தடுப்பது இதுதான்.

3. மாட்டுவது

புது ஸ்பாஞ்சை அப்படியே போட்டால் மிதக்கும். வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை பிழிந்து பிழிந்து விடுங்கள். அப்புறம் தொட்டியின் ஒரு மூலையில் நிறுத்தி, டியூபைச் சொருகி, நடுவில் செக் வால்வை மாட்டுங்கள். அதன் மேல் உள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் காற்றே வராது. மின்வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது வாளியில் பிடித்து ஒரு நாள் காற்றோட்டமாக வையுங்கள்.

4. மீன் விடாமல் காத்திருப்பது

எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். பாலைக் காய்ச்சி வைத்தால் மட்டும் தயிராகாது, உறை ஊற்றவேண்டும். இங்கும் அப்படித்தான். வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தேடி பாக்டீரியா பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்த பழுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி வந்து ஊற்றுங்கள். அதுதான் உறை மோர். காத்திருப்பு நன்றாகவே குறையும்.

டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் கொஞ்சம் காட்டினால் தொட்டி தயார். முதலில் மூன்று நான்கு மீன் போதும்.

5. கழுவுவது

என் முதல் தொட்டியில் ஆறு கப்பிகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஞ்ச் பழுப்பாக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்து வெள்ளைத் தண்ணீர் வரும்வரை கழுவினேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றியும் இரண்டுதான் தப்பின. குளோரின் தண்ணீர் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதனால் தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை நான்கைந்து முறை பிழிந்தால் போதும். பழுப்பு முழுக்கப் போகவேண்டியதில்லை. குமிழி குறைந்து, நீரோட்டம் மந்தமாகும்போது செய்தால் சரி. சோப்பு கூடவே கூடாது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

6. கரண்ட் விஷயம்

ஃபில்டரை இரவில் நிறுத்தாதீர்கள். பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், ஓடும் தண்ணீர்தான் அதைக் கொண்டுவருகிறது. சின்ன ஏர் பம்ப் 5 வாட்டுக்குள்தான் எடுக்கும், இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடலாம். புயல், மழை நாட்களுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மணிக்கணக்கில் நின்றுபோனால் தீனி போடாதீர்கள். கரண்ட் வந்ததும் முதலில் ஸ்பாஞ்சை வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் ஒரு முறை பிழிந்துவிட்டு, அப்புறம் பம்ப்பைப் போடுங்கள்.

ஸ்பாஞ்ச் நைந்துபோனால் பழையதை உடனே தூக்கிப்போட வேண்டாம். புதியதைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒரு மாதம் சேர்ந்து ஓடவிட்டு, பிறகு பழையதை எடுங்கள்.