பிறர் எழுதிய பதிவைப் பகிரும் முறை

பிறர் பதிவு ஒன்றைப் பகிரும்போது, எழுதியவருக்கும், நம் பெயரைப் பார்த்து அதை நம்பிப் படிப்பவருக்கும் நாம் கடமைப்படுகிறோம். 'நான் எழுதவில்லை, பகிர மட்டுமே செய்தேன்' என்ற விளக்கம் சட்டத்தின் முன்னும் எளிதில் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திப் பிறர் எழுதிய முகநூல் பதிவைப் பகிர்ந்த ஒருவரின் முன்ஜாமீன் மனுவை 2018 மே மாதம் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று கூறியது. ஆகவே, பகிரும் ஒவ்வொன்றின் கீழும் நம் கையொப்பம் இருப்பதாகக் கருதியே தொடங்க வேண்டும்.

பதிவை நகலெடுத்து ஒட்டாமல், திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) எடுக்காமல், அந்தந்தத் தளத்தின் பகிர்வுப் பொத்தானையே பயன்படுத்துங்கள். முகநூலில் பொத்தான் வழியாகப் பகிர்ந்த பதிவு எழுதியவரின் கையை விட்டு விலகுவதில்லை. அவர் பிழையைத் திருத்தினால் நம் பக்கத்திலும் அது திருந்தும். அவர் நீக்கினால் நம் பக்கத்திலிருந்தும் மறையும். நண்பர்களுக்கு மட்டும் என்று முகநூலில் எழுதியதை நாம் பகிர்ந்தாலும், மூலப் பதிவைக் காண உரிமை உள்ளவர்களே அதைக் காண முடியும். நகலும் திரைப்பிடிப்பும் இந்தக் காப்புகள் அனைத்தையும் அறுத்துவிடுகின்றன. நெருங்கிய வட்டத்துக்கென எழுதப்பட்ட துயரமோ குடும்பப் படமோ ஊரெங்கும் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். அத்தகைய பதிவைப் பிறருக்குக் காட்டியே ஆக வேண்டுமென்றால், எழுதியவரிடம் முதலில் கேளுங்கள். அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

தமிழ் வாசகர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதிய கவிதையையோ, சமையல் குறிப்பையோ, ஊர் வரலாற்றுக் கட்டுரையையோ பெயரை நீக்கிவிட்டு, 'படித்ததில் பிடித்தது' என்றோ 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்றோ மேலே ஒரு வரி சேர்த்து வெளியிடுகிறோம். பிடித்தது என்று பாராட்டிக்கொண்டே எழுதியவரைத் துடைத்தெறிவது எனக்குப் பெருந்துயரம் தருகிறது. தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கோருவதையும், பெயருக்குக் கேடு வரும்படி அதைத் திரிப்பதைத் தடுப்பதையும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57ஆம் பிரிவு படைப்பாளியின் தனி உரிமையாகவே காக்கிறது. பெயரில்லாமல் உங்களுக்கு ஒன்று வந்து சேர்ந்தால், அதில் பிறர் எளிதில் எழுதியிருக்க முடியாத ஒரு தொடரை எடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் கூகுளில் தேடுங்கள். பல நேரங்களில் மூலப் பதிவு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், எழுதியவர் யார் என்று தெரியவில்லை, அறிந்தவர் சொன்னால் பெயரைச் சேர்க்கிறேன் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்துல் கலாம் போன்ற பெரியவர்களின் பெயரைத் தாங்கி வரும் பொன்மொழிகளை, எந்த உரை, எந்த நூல் என்ற குறிப்பு இல்லாமல் பகிர வேண்டாம்.

அடுத்தது உண்மையா என்று பார்ப்பது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். தொலைக்காட்சிச் சின்னத்துடன் வரும் நியூஸ் கார்டைப் போலியாகச் செய்வது மிக எளிது என்பதால், அந்த ஊடகத்தின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். படமானால் கூகுள் லென்ஸில் இட்டு, அது முதலில் எப்போது, எங்கே வெளியானது என்று தேடுங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொலிகள் தொடர்பற்ற வேறு நிகழ்வுகளைச் சேர்ந்தவை என்று காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. 2018 மே மாதம், வாட்ஸ்அப்பில் குழந்தைக் கடத்தல் வதந்தி பரவியிருந்த நாள்களில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைக் கடத்தல்காரர் என்று சந்தேகித்த கும்பல் அடித்தே கொன்றது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பலர் பெற்றோரை எச்சரிக்கும் நல்லெண்ணத்திலேயே அனுப்பியிருக்கக்கூடும்.

ரத்தம் தேவை, காணவில்லை என்ற வேண்டுகோள்களுக்கும் இதே கவனம் தேவை. நாள் குறிப்பிடாத ரத்த வேண்டுகோள், நோயாளி வீடு திரும்பிய பின்னும் ஆண்டுக்கணக்கில் சுற்றி, அந்த எண்ணுக்கு உரியவரை அலைக்கழிக்கிறது. பகிரும் முன் அந்த எண்ணை அழைத்துக் கேளுங்கள். மருத்துவமனை, ரத்த வகை, தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பகிருங்கள். தேவை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். காணாமல் போன குழந்தை கிடைத்துவிட்டால் படத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

மறுப்பதற்காகப் பகிர்வது தனி வகை. கருத்தோடு மாறுபடுகிறீர்கள் என்றால் முழுப் பதிவும் வாசகர் கண்ணில் படும்படி மேற்கோளாகப் பகிருங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுப்பது நேர்மையாகாது. வதந்தியை மறுப்பதானால், கண்டிப்பதற்காகக்கூட மூலத்தைப் பகிராமல், அதன் மறுப்பை மட்டும் பகிருங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, நீங்கள் மாறுபடும் கருத்தை எழுதியவர் சாதாரண மனிதராக இருந்தால், பெயரையும் படத்தையும் மறைத்த திரைப்பிடிப்பே பொருத்தமானது. மேலே சொன்ன பொத்தான் விதிக்கு நான் ஏற்கும் ஒரே விலக்கு இது.

பகிர்ந்தது தவறு என்று பின்னர் தெரிந்தால், ஓசையில்லாமல் நீக்கிவிட்டு நகர வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அனைவரிடமிருந்தும் நீக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் இருக்கிறது. ஆனால், அதற்குள் மற்றவர் முன்னனுப்பிய (ஃபார்வர்டு செய்த) பிரதிகள் அப்படியே இருக்கும். எனவே எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், எது தவறு, சரியான தகவல் எது என்று எழுதி, முன்னனுப்பியவர்களும் அதைத் தம் குழுக்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.