ஃப்ராட்டர்னிட்டியிலிருந்து ‘பிட்’ வந்தால்: தலையாட்டும் முன் பார்க்க வேண்டியவை

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம், இரவு பதினொன்றரைக்கு அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து போன் செய்து, “மாமா, எனக்கு ஒரு பிட் வந்திருக்கு, என்ன பண்றது?” என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நமக்குத் தெரிந்த பிட் ஒன்றுதான், பரீட்சை ஹாலில் சட்டைக் கைக்குள் மடித்து வைப்பது. பையன் மாட்டிக்கொண்டான், விசா போச்சு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் சிரித்துவிட்டான். மூன்று கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த ஒரு ஃப்ராட்டர்னிட்டி, அதாவது கல்லூரி மாணவர் சங்கம், எங்களோடு சேர்ந்துகொள் என்று அவனை அழைத்திருக்கிறது. அந்த அழைப்புக்கு அங்கே பிட் என்று பெயராம். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு நாளில் நான் சொன்னதையும், அப்போது எனக்கே தெரியாமல் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இது இளங்கலை படிக்கப் போகிறவர்களுக்கு. எம்.எஸ். போகிறவர்களைப் பெரும்பாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள், நிம்மதியாக இருங்கள்.

முதலில், கிரேக்க எழுத்தைப் பார்த்து மயங்காமல் இது எந்த வகை என்று பாருங்கள். ஃபை பீட்டா காப்பா, பொறியியல் மாணவர்களுக்கான டௌ பீட்டா பை போன்றவை நன்றாகப் படிப்பவர்களுக்குக் கிடைக்கிற கௌரவம். வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். ஆல்ஃபா காப்பா சை மாதிரியானவை தொழில் சார்ந்தவை, பிசினஸ் படிக்கிறவர்கள் ஆண் பெண் பேதமில்லாமல் சேர்வார்கள். மூன்றாவதுதான் ‘சோஷியல்’ என்பது. படிப்போ தொழிலோ அதற்கு நிபந்தனை கிடையாது, கூடியிருப்பதுதான் வேலையே. பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தனியாக சொராரிட்டி உண்டு. சினிமாவில் பார்க்கிற பெரிய வீடு, பார்ட்டி, ரகசியச் சடங்கு எல்லாம் இந்த மூன்றாவது வகைதான், இனி நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

இதை எதற்காக ஆரம்பித்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். ரஷ் நேரத்தில் (ஆள் சேர்க்கிற அந்த ஓரிரு வாரத்துக்கு அப்படித்தான் பெயர்) ஒவ்வொரு வீட்டிலும் “எங்கள் பாரம்பரியம்” என்று ஆரம்பிப்பார்கள், எது உண்மை எது பில்டப் என்று உங்களுக்குப் புரியும்.

கதை 1776 டிசம்பர் 5-ல் தொடங்குகிறது. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஐந்தே மாதம். வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபை பீட்டா காப்பாவைத் தொடங்கினார்கள். அப்போது அது ரகசியச் சங்கம். தனிக் கைகுலுக்கல், சத்தியப் பிரமாணம், பதக்கம், பிறகு கிரேக்கத்தில் ஒரு கொள்கை வாக்கியம். “மெய்யறிவே வாழ்வின் மாலுமி” என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்த வாக்கியத்தின் மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள்தான் பெயர். பிளஸ் டூ பிசிக்ஸில் நாம் அலுத்துப்போன ஆல்ஃபா, பீட்டா, தீட்டாவெல்லாம் வீட்டு வாசலில் ஏறியது இப்படித்தான். கூடி என்ன செய்தார்கள் என்றால், கட்டுரை வாசித்தார்கள், விவாதம் செய்தார்கள். யேலிலும் ஹார்வர்டிலும் கிளை திறந்தார்கள்; போர் நெருங்கி 1781-ல் தாய்க் கல்லூரியில் சங்கம் முடங்கியபோது கிளைகள்தான் அதை உயிரோடு வைத்திருந்தன. ரகசியத்தை 1831-ல் கைவிட்டு, காலப்போக்கில் இன்றைய கௌரவச் சங்கமாக மாறியது. ஆனால் அது விட்டுச்சென்ற சாமான்கள், அதாவது கிரேக்கப் பெயர், சடங்கு, கிளைகள், எல்லாவற்றையும் அடுத்து வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில் இருக்கும் யூனியன் கல்லூரிக்காரர்கள். 1825-ல் காப்பா ஆல்ஃபா சொசைட்டி, 1827-ல் சிக்மா ஃபை, அதே வருடம் டெல்டா ஃபை. இன்றைய சோஷியல் ஃப்ராட்டர்னிட்டிகளுக்கு மூலம் இந்த மூன்றும்தான். அன்றைய கல்லூரி எப்படி இருந்தது என்று யோசித்தால் காரணம் புரியும்: லத்தீனையும் கிரேக்கத்தையும் மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பிக்க வேண்டும், தினமும் கட்டாயப் பிரார்த்தனை, எதற்கெடுத்தாலும் ஆசிரியர் கண்காணிப்பு. பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கு, வாத்தியார் கண்ணில் படாமல் தங்களுக்குப் பிடித்ததைப் படிக்க, பேச, சிரிக்க ஒரு அறை தேவைப்பட்டது. ஆரம்ப நோக்கம் அவ்வளவுதான். நிர்வாகங்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி 1834. மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரியில் முப்பது மாணவர்கள், ரகசியச் சங்கங்கள் கல்லூரியையே ஆட்டிவைக்கின்றன என்று எரிச்சலாகி, ரகசியமே இல்லாத ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘சோஷியல் ஃப்ராட்டர்னிட்டி’தான், பிறகு அதுவே டெல்டா உப்சிலான் ஆனது. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை, நீதியே எங்கள் அடித்தளம் என்பது அவர்கள் கொள்கை. இருநூறு வருடமாக நடக்கிற சண்டை முழுக்க இதற்குள் இருக்கிறது: நட்புக்குக் கூட்டம் வேண்டும், சரி, அந்தக் கூட்டத்துக்கு ரகசியம் எதற்கு? வேடிக்கை என்னவென்றால், அதே வில்லியம்ஸ் கல்லூரி 1962-ல் எல்லா ஃப்ராட்டர்னிட்டிகளையும் மூட முடிவெடுத்தது. போடன், கோல்பி கல்லூரிகளிலும் பிறகு அதுவேதான் நடந்தது.

வீடு வந்தது பிறகுதான். 1840-களில் மிச்சிகனில் சை சை... இல்லை இல்லை, கை சை என்ற சங்கத்தார் (இந்தப் பெயர்களைச் சொல்லிப் பழக ஒரு வாரம் ஆகும்) காட்டுக்குள் மரக்கட்டைகளால் ஒரு குடிசை கட்டினார்கள்; முதல் ஃப்ராட் வீடு அதுதான் என்பார்கள். கல்லூரிகளில் ஹாஸ்டல் போதாத காலத்தில் இந்த வீடுகளே தங்குமிடமும் மெஸ்ஸும் ஆயின. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு, மிச்சிகனில் படித்தபோது தன் ஃப்ராட் வீட்டில் பாத்திரம் கழுவிக் காசு சம்பாதித்தவர்.

இங்கேதான் அடுத்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: பணம். வீடு பெரும்பாலும் பழைய மாணவர்களின் ஒரு அமைப்புக்குச் சொந்தம், பெயரும் அங்கீகாரமும் தேசியத் தலைமையிடம், அன்றாட நிர்வாகம் இருபது வயதுப் பொருளாளர் கையில். மூன்று இடத்துக்கும் உங்கள் பணம் போகும். செமஸ்டர் கட்டணம் சில இடங்களில் நூற்றுக்கணக்கில் முடிந்துவிடும், சில இடங்களில் ஆயிரக்கணக்கான டாலர். முதல் செமஸ்டருக்கு எவ்வளவு, சேர்க்கைச் சடங்குக்கு எவ்வளவு, வீட்டிலேயே தங்குவது கட்டாயமா, தங்கினால் வாடகை எவ்வளவு, கட்டத் தவறினால் அபராதம் உண்டா என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், “அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ” என்பது கணக்கு ஆகாது. அப்பா கல்விக்கடன் வாங்கித்தான் அனுப்பியிருக்கிறார் என்றால், பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பணம் ஒத்துவந்தால், பகலில் ஒருமுறை வீட்டுக்குப் போங்கள். பார்ட்டி நேரத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான், காலை பத்து மணிக்குத்தான் தரை பாதத்தில் ஒட்டுமா, சமையலறை நாறுமா என்று தெரியும். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு வருடத்து உறுப்பினர்களின் முகங்களையும் சின்னச் சின்ன முட்டை வடிவப் படங்களாக அடுக்கி, ஒரே சட்டத்தில் மாட்டியிருப்பார்கள், காம்போசிட் என்று பெயர். கையில் கோக் டம்ளரை வைத்துக்கொண்டு சாவகாசமாக அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அந்த வீட்டின் வரலாறு முழுக்கத் தெரிந்துவிடும். ஐம்பதுகளில் எல்லாம் வெள்ளை முகம். அது தற்செயல் இல்லை, பல தேசியத் தலைமைகள் வெள்ளையர் மட்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருந்த காலம். 1948-ல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்குத் தலைமை அந்தக் கிளையையே தள்ளிவைத்தது. பழையதை விடுங்கள், கடைசி ஐந்து வருடப் படங்களைப் பாருங்கள். உங்களைப் போன்ற முகம் ஒன்றாவது இருக்கிறதா, இருந்தால் அடுத்த வருடப் படத்திலும் அது இருக்கிறதா?

கதவு அடைத்த இடத்தில் தனிக் கதவு வைத்தவர்களும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-ல் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள்; மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் வந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சொராரிட்டியில் சேர்ந்தவர்தான் நம்ம ஊர் ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். 2021-ல் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் கழுத்தில் இருந்த முத்துமாலை அந்தச் சொராரிட்டியின் அடையாளம். துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! இந்தச் சங்கங்களில் படிப்பு முடிந்த பிறகும் உறவு விடாது, அறுபது வயதிலும் கூட்டத்துக்கு வருவார்கள். தெற்காசிய மாணவர்களும் இதே வழியில் போனார்கள்: பிங்ஹாம்டனில் 1994-ல் அயோட்டா நூ டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-ல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998-ல் டெல்டா எப்சிலான் சை. பெரிய வீடு இல்லாவிட்டால் போகிறது, தோசைக்கும் சட்னிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இப்போது கசப்பான பகுதி. பிட்டுக்குச் சரி சொன்னதும் நீங்கள் உறுப்பினர் ஆவதில்லை, ‘ப்ளெட்ஜ்’ ஆகிறீர்கள். சில வாரம் கழித்துச் சடங்கு நடத்திய பிறகுதான் முழு உறுப்பினர். நடுவில் இருக்கிற அந்த வாரங்களில்தான் ஹேஸிங் நடக்கும். நம்ம ராகிங்தான், ஒரு வித்தியாசம்: ராகிங்கில் உங்களை இழுத்துப் போவார்கள், இங்கே நீங்களே ஆசைப்பட்டுப் போகிறீர்கள், அதனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், பிட்டை ஏற்றுக்கொண்டவர்களை வரவேற்கும் இரவில், குறுகிய நேரத்துக்குள் அடுத்தடுத்துக் குடிக்கவைக்கப்பட்ட பத்தொன்பது வயது மாணவர் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. அது காகிதத்தில் மது இல்லாத வீடு, சுவரில் கேமராக்கள் வேறு இருந்தன.

தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சட்டம். நாடு முழுவதற்குமான சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதன்படி, ஹேஸிங் நடந்ததாக நிரூபணமான சங்கங்களின் பெயரைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிட் வந்த அன்றே அந்த அறிக்கையை எடுத்து, உங்களை அழைத்த சங்கத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லை என்பதாலேயே யோக்கியமான வீடு என்று முடிவுகட்டிவிட வேண்டாம், பெயர் இருந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் விட்டுவிடுங்கள்.

விசாவையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கூட இருக்கும் உள்ளூர்ப் பையனைக் கல்லூரி ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்தால் அவன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவான், உங்களைச் செய்தால் எஃப்-1 என்கிற மாணவர் விசா தகுதியே போய், நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க நேரமிருந்தால் இதைக் கேளுங்கள்: “போன வருடம் எத்தனை பேர் பிட்டுக்குச் சரி சொன்னார்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள்?” எங்கள் பையன் கேட்டான். பதினான்கு பேர் வந்தார்கள், எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றார்களாம். மீதி ஆறு பேர் ஏன் போனார்கள் என்றதற்கு, எதிரே இருந்தவன் அவன் தோளில் தட்டி “கால்பந்து பார்ப்பாயா?” என்று கேட்டிருக்கிறான். பிட்டுக்குக் கெடு முடியும்வரை இவன் பதிலே சொல்லவில்லை.

அடுத்த ஜனவரியில், அதே தெருவின் கடைசியில், பெயிண்ட் உரிந்த ஒரு சின்ன வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அதே கேள்விக்கு, பதினொன்றில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒருவன் கட்டணம் கட்ட முடியாமல் போனான், இன்னொருவன் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டான், வேண்டுமானால் நம்பர் தருகிறோம், பேசிப்பார் என்றார்களாம். பேசினான், சேர்ந்தான். இப்போது அந்த வீட்டுக்கு அவன்தான் பொருளாளர். போன வாரம் போன் செய்து அரை மணி நேரம் புலம்பினான், எவனும் சந்தாவை நேரத்துக்குக் கட்டுவதில்லையாம்.