தவிசாளருக்கு ஒரு நினைவு மலர்

வெள்ளவத்தையில் இருந்து நினைவு மலர் செய்து கொடுக்கும் எனக்கு, காலமான ஊர்ச் சபைத் தவிசாளர் (சேர்மன்) ஒருவரின் மலர் என்றால் இரட்டிப்பு வேலை. பிள்ளைகள் கொழும்பில், அவர் உழைத்த இடமோ ஊரில். முப்பத்தோராம் நாளுக்குள் மலர் கையில் இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே 'பண்பாளர், நேர்மையாளர், மக்கள் தொண்டர்' என்று எழுதத் தொடங்காதீர்கள். எல்லா மலரிலும் அதுதான் இருக்கிறது. எந்த ஒழுங்கைக்கு வடிகான் வந்தது, சந்தைக்குக் கூரை எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள்.

இதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் சரிவராது. ஒரு மகன் வந்து, "அப்பா ஊருக்கு நிறையச் செய்தவர், அன்ரி" என்றார். "என்ன செய்தவர், தம்பி?" என்றேன். "எல்லாம்தான்!" நகரசபையில் தண்ணீர் பவுசர் ஓட்டியவரின் நம்பரைத் தேடி எடுக்கச் சொன்னேன். அவர்தான் சொன்னார்: வறட்சி நேரத்தில் சேர்மனின் ஒழுங்கைக்குப் பவுசர் கடைசியாகத்தான் போகுமாம், அது அவருடைய கட்டளையாம். அம்மா வாளியோடு படலையில் நின்று ஏசியது அப்போதுதான் மகனுக்கு ஞாபகம் வந்தது. மலரின் முதல் பக்கத்தில் அதைப் போட்டோம்.

ஆகவே பழைய கிளாக்கர், சுகாதாரத் தொழிலாளி, சந்தை வியாபாரி ஆகியோரிடம் பேசுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரை விட்டுவிடாதீர்கள். சண்டை பிடித்தவர் நல்லதாக ஒரு வரி சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

சபைக் கூட்ட அறிக்கைகள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம், அதனால் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். பழைய வீரகேசரி, தினகரன் செய்திகளைத் தேட கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. ஆண்டும் மாதமும் தெரியாமல் போனால் பொழுதுதான் போகும்.

பதவிக்காலத்தைச் சரிபாருங்கள். 2018இல் தெரிவான சபைகள் ஒரு வருட நீடிப்போடு 2023 மார்ச்சில்தான் கலைந்தன. பலர் 2022 என்று போட்டுவிடுகிறார்கள். பதவிப் பெயரும் அப்படித்தான்: மாநகரசபை என்றால் முதல்வர் (மேயர்), நகரசபை என்றால் தவிசாளர்.

படங்களை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அச்சில் மங்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள். நாடா வெட்டும் படம் ஒன்று போதும். அதில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக, ஊரில் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். நடுவில் மடித்து ஊசி அடிக்கும் மலர் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும்.

பெரிய தலைவலி அனுதாபச் செய்திகள். யார் முன், யார் பின் என்று கட்சிக்காரர் கோல் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நான் எல்லாவற்றையும் கடைசிப் பக்கங்களில் அகர வரிசையில் போட்டுவிடுவேன். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. சிவபுராணத்துக்கும் தேவாரத்துக்கும் மறக்காமல் இடம் விடுங்கள், வீட்டில் பெரியவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

அச்சானதும் ஊர்ப் பொது நூலகத்துக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் பிரதிகள் கொடுங்கள். பிடிஎஃப் கோப்பை 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்துக்கு அனுப்பினால் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையும் வாசிக்கலாம்.