வீட்டு பிஸ்கட், கேக்கைத் தபாலில் அனுப்புகிறீர்களா?

தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வெளியூரில் இருப்பவர்களுக்கு வீட்டு ஓவனில் சுட்டதை அனுப்ப நினைத்தால், எதை அனுப்புகிறோம் என்பதுதான் முதலில் முக்கியம். நெய் பிஸ்கட், உலர்பழம் நிறையப் போட்ட பிளம் கேக் எல்லாம் பயணத்தைத் தாங்கும். க்ரீம் தடவிய கேக் பக்கமே போக வேண்டாம். சாக்லேட் பூச்சும் நம் ஊர் வெயிலில் உருகிவிடும்.

ஓவனிலிருந்து எடுத்த கேக் வெளியே ஆறினாலும் நடுவில் சூடு இருக்கும். அப்படியே மூடினால் டப்பா மூடியின் உள்பக்கம் ஆவி துளித்துளியாகக் கோத்து நிற்கும். போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ராத்திரி செய்து, கம்பித் தட்டில் ஆறவிட்டு, காலையில் டப்பாவில் அடைப்பதுதான் நல்லது.

பிஸ்கட்டுகளை இரண்டிரண்டாக, அடிப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியபடி பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்க வைத்தால் அடியில் இருப்பவை நொறுங்கும். கேக்கும் பிஸ்கட்டும் ஒரே டப்பாவில் வேண்டவே வேண்டாம்; கேக்கின் ஈரத்தை இழுத்து பிஸ்கட் நமுத்துப்போகும். டப்பாவைப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது.

அப்புறம், ஸ்பீட் போஸ்டில் திங்கள், செவ்வாயில் போட்டுவிட்டால் ஞாயிறு விடுமுறையில் பார்சல் எங்கும் தேங்காமல் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். முட்டை, முந்திரி சேர்த்திருந்தால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கலாம்.