பழைய பழங்குடித் துணிகள்: காரைக்குடியில் பார்த்து வாங்குவதும், வீட்டில் காப்பதும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழஞ்சாமான் கடைகளில் பித்தளை, எனாமல் பாத்திரம், பர்மா அரக்குச் சாமான் எல்லாம் கண்ணில் படும்படி இருக்கும். துணி மட்டும் அடியில், மடித்த மடிப்போடு கிடக்கும். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போன காலத்தில் பெட்டியோடு வந்தவை உண்டு; வியாபாரிகள் பிற்பாடு வெளியூரிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவையும் உண்டு. ‘ஆச்சி வீட்டுப் பெட்டியில் இருந்தது’ என்ற ஒரு வரி விலையை ஏற்றும், வயதைச் சொல்லாது. முதலில் பார்க்க வேண்டியவை ஓரம், மூட்டு, பின்பக்கம். நிறம் கடைசி.

கையில் 10 மடங்கு லென்ஸ், டேப், வெள்ளைப் பருத்தித் துண்டு, சிறு புறஊதா டார்ச் இருந்தால் போதும். கடைக்குள் மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் முழுவதும் விரித்துப் பாருங்கள். விரிக்கத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் அகலம். மியான்மரின் சின் மக்கள், நாகர்கள், மலேசியாவில் சரவாக்கின் இபான்கள், இந்தோனேசியாவின் சும்பா தீவினர் எல்லாருமே இடுப்புத் தறியில் நெய்தவர்கள். பாவின் (நீளவாட்டு இழைகளின்) ஒரு முனை தூணில், மறு முனை நெய்பவரின் இடுப்பில். கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். ஒரு பட்டை பெரும்பாலும் முக்கால் மீட்டரைத் தாண்டாது. அதனால்தான் போர்வை அளவுத் துணி என்றால் நடுவே பட்டைகளைச் சேர்த்துத் தைத்த மூட்டு இருக்கும். இபான்களின் புவா கும்பு, சும்பாவின் ஹிங்கி இரண்டும் வழக்கமாக இரு பட்டைகள். நாகா சால்வை பெரும்பாலும் மூன்று. நாலடி அகலத்தில் மூட்டே இல்லாத ஒரு ‘பழங்குடிப் போர்வை’ கிடைத்தால் அது வேறு தறியில் நெய்தது. அழகாக இருந்தால் வாங்கலாம், ஆனால் பழங்குடித் துணியின் விலைக்கு வேண்டாம்.

மூட்டில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். லென்ஸை வைத்து, தையல் மடிப்பை விரல் நுனியால் லேசாக விரித்து உள்ளே பாருங்கள். வெயிலும் அழுக்கும் படாத அந்த அரை சென்டிமீட்டரில் சாயம் வெளிப்பக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தால் நல்லது. வெளியே வெளுத்தது இயல்பாக வெளுத்திருக்கிறது. உள்ளும் புறமும் ஒரே பழுப்பு என்றால், தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய துணியாக இருக்கலாம். மூட்டுக்கு இருபுறமும் வடிவம் நூல் பிசகாமல் பொருந்த வேண்டியதில்லை; சற்றே தள்ளி நிற்பது கைவேலையில் சகஜம். கிழிசலும் இப்படித்தான். உடுத்திய துணி மடிப்பிலும் விளிம்பிலும் முதலில் தேயும். சம்பந்தமில்லாத இடத்தில் வட்ட ஓட்டை, அதன் ஓரத்தில் வெட்டினாற்போல் நூல் நுனி என்றால் சந்தேகப்படுங்கள்.

இக்கத் துணிக்குப் பின்பக்கமே பரீட்சை. பாவு இழையை நெய்யும் முன்பே கட்டிச் சாயம் ஏற்றுவதால் இரு பக்கமும் வடிவம் ஒரே அளவில் தெளிவாகத் தெரியும், உருவங்களின் விளிம்பு பாவின் திசையில் இறகுபோல் கசிந்திருக்கும். பின்பக்கம் வெளிறி, விளிம்பு எல்லாத் திசையிலும் கூர்மையாக இருந்தால் அது அச்சு. நம் நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு வேறு சோதனை: துணியில் கோடு வரையாமல், இழையை எண்ணி எண்ணித் தைப்பது அது. பென்சில் கோடோ அச்சுத் தடமோ தெரிந்தால் தோடர் வேலை அல்ல. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘பழசு’ என்று எல்லாவற்றையும் துரத்தாமல், இன்று தைக்கும் தோடப் பெண்களிடம் ஒன்று நேரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதை ஒப்பிட அதைவிட நல்ல பாடம் கிடையாது.

சாயத்தை வைத்து வயது சொல்வது எளிதல்ல. முதல் செயற்கைச் சாயம் 1856-லேயே வந்துவிட்டது. செயற்கை அவுரி 1897-ல் சந்தைக்கு வந்தது. ஆகவே செயற்கைச் சாயம் என்பதாலேயே துணி புதிது ஆகிவிடாது. புறஊதா ஒளியில் நூல் பளீரென்று நீலமாக மின்னினால் வெளுப்பூக்கி, அதாவது வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் இக்கால ரசாயனம், இருக்கிறது என்று பொருள். ஆனால் பழைய துணியை யாராவது இக்காலச் சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் மின்னும். தையல் நூல் மட்டும் மின்னினால் மூட்டைப் பின்னால் தைத்திருக்கிறார்கள். இழை எது என்று தெரிய, கடைக்காரரைக் கேட்டு உதிர்ந்த நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும், செயற்கை இழை உருகிக் கெட்டி உருண்டையாகும்.

வீட்டுக்கு வந்ததும் துவைக்கத் தோன்றும். துவைக்காதீர்கள். ஆவோ நாகர்களின் சுங்கொதெப்சு சால்வையில் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டையின் யானையும் மிதுனும் (நாகர் மலை மாடு) நெய்தவை அல்ல, தீட்டியவை. தண்ணீர் பட்டால் போய்விடலாம். இரும்பு சேர்த்த கறுப்புச் சாயம் ஏறிய இழை தானே மக்கியிருக்கும், நனைந்தால் கறுப்பு மட்டும் உதிர்ந்து ஓட்டையாகும். தூசிக்கு வேக்குவம் கிளீனரைக் குறைந்த விசையில் வைத்து, குழாய் வாயில் கொசுவலை கட்டி, துணியில் உரசாமல் தூக்கிப் பிடித்து இழுங்கள். நனைத்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு நிறத்திலும் ஈரமான வெள்ளைத் துண்டை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்புதான் முதலில் கசியும். ஒரு நிறம் ஒட்டினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பூச்சிக்குப் பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி உங்களுக்கும் நல்லதல்ல. புதிதாக வந்த துணியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி பிரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் துணியில் படியும். சோழி, பாசிமணி தைத்ததும் தீட்டியதும் பிரீசருக்கு ஆகாது.

தேக்குப் பெட்டி உறுதியானது, ஆனால் மரத்தின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும், ஆணித்துரு கறையாகும். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியை இரண்டு மடிப்பாக உள்ளே விரித்த பிறகே வையுங்கள். கஞ்சி மிச்சமிருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். பெரிய துணியை மடிக்காமல், காடா சுற்றிய 10 சென்டிமீட்டர் குழாயில் பாவுத் திசையில் சுருட்டி, அகலமான நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். சுவரில் மாட்டுவதானால் முற்றத்து வெளிச்சம் படாத இடம் பாருங்கள், சுண்ணாம்புச் சுவரை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், 3 மாதத்தில் இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் மாட்டாமலிருப்பதே நல்லது.

கிழிந்த துணியை வெட்டித் தலையணை உறை, கைப்பை ஆக்கி விற்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். கேட்பார் இருக்கும்வரை வெட்டுவார்கள். இன்னொன்று: இந்தியாவின் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த துணி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூர்ச் சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்புவதற்கும் இது பொருந்தும்.